‘இல்லை’யும் ‘தெரியவில்லை’யும்: நிரல்கள் பயனர் கணக்கைத் தேடும் முறை குறித்து

ஜொகூரின் கிழக்குக் கரையில் இருக்கும் மெர்சிங்கைத் தியோமான் தீவுக்குப் படகு ஏறும் ஊராகத்தான் பலரும் அறிவார்கள். அந்தக் கரையில் கடலடித் தொலைத்தொடர்பு வடங்களும் ஏறுகின்றன. 2009இல் முடிக்கப்பட்ட ‘ஏஷியா-அமெரிக்கா கேட்வே’ வடத்தின் மலேசிய முனை மெர்சிங்தான். தென்சீனக் கடலைக் கடந்து ஹாங்காங், குவாம், ஹவாய் வழியாகக் கலிபோர்னியா வரை அதன் நீளம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். ஐரோப்பாவரை போன ‘சீ-மீ-வீ 3’ வடத்துக்கும் இங்கே ஒரு கரையேற்றம் இருந்தது. சபா, சரவாக் மாநிலங்களைத் தீபகற்பத்தோடு இணைக்கும் உள்நாட்டு வடமும் இவ்வூரைத் தொடுகிறது.

நாம் ஒரு கணக்கில் நுழையும்போது, ஒரு நிரல் எங்கோ இருக்கும் இன்னொரு கணினியிடம், “இந்தப் பெயரில் கணக்கு உண்டா? உண்டென்றால் அதன் விவரம் என்ன?” என்று கேட்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் இதற்கான பதில் அதே கணினியின் வட்டில் கிடந்தது. இன்று பல வேளைகளில் அந்தக் கேள்வி கடல் தாண்டிப் போகிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால், முதலில் சொன்ன 20,000 கிலோமீட்டர் வடத்தின் முழு நீளமும் போய்வர ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகும். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பதிலே வராமல் போகும் வாய்ப்புதான் ஆராய வேண்டியது. கணக்கைத் தேடும் நிரலுக்கு ‘உண்டு’, ‘இல்லை’, ‘இப்போது சொல்ல முடியவில்லை’ என்று மூன்று பதில்கள் வரலாம். நம் நிரல்களில் பெரும்பகுதி இன்னும் முதல் இரண்டை மட்டுமே எதிர்பார்த்து எழுதப்படுகிறது. இத்துறையில் நடந்த மோசமான தவறுகளில் பலவற்றின் வேர் இதுதான் என்பது என் துணிபு.

தொடக்கத்தில் இருந்தது ஓர் எளிய கோப்பு. பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ், தன் பயனர் எல்லோரையும் ‘பாஸ்வேர்டு’ என்ற ஒரே உரைக்கோப்பில் வைத்தது. ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு புலங்கள், நடுவே முக்காற்புள்ளி. பயனர் பெயர், கடவுச்சொல், பயனர் எண், குழு எண், ஆளைப் பற்றிய குறிப்பு, இல்ல அடைவு, நுழைந்ததும் ஓட வேண்டிய நிரல் என்பது வரிசை. ஐந்தாம் புலத்துக்கு இன்றும் ‘ஜீகோஸ்’ என்று பெயர். பெல் ஆய்வகத்தில் அச்சுப் பணிகளை அனுப்பிவந்த ஜெனரல் எலக்ட்ரிக் கணினியின் இயங்குதளப் பெயர் அது. அந்தக் கணினி போய்ப் பல காலம் ஆகியும் பெயர் மட்டும் கோடிக்கணக்கான லினக்ஸ் கணினிகளில் நிற்கிறது.

இந்தக் கோப்பை நிரலாளர் நேரே திறந்து வரி வரியாகப் படிக்க வேண்டாம் என்பதற்காகச் சி மொழி நூலகம் சில செயற்கூறுகளைத் தந்தது. பெயரைக் கொடுத்தால் பதிவைத் தருவது ‘கெட்-பி-டபிள்யூ-நாம்’. எண்ணைக் கொடுத்தால் தருவது ‘கெட்-பி-டபிள்யூ-யூஐடி’. எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது ‘கெட்-பி-டபிள்யூ-என்ட்’. ஓர் அடைவிலுள்ள கோப்புகளைப் பட்டியலிடும்போது உரிமையாளர் பெயர் தெரிகிறதே, அது இரண்டாவதன் வேலை. வட்டில் எழுதியிருப்பது எண் மட்டும். பெயர் அந்நேரத்தில் தேடி எடுத்துக் காட்டப்படுகிறது. அந்த எண்ணுக்குப் பதிவு இல்லையென்றால் வெறும் எண்ணே தெரியும். கொள்கலன்களுக்குள் நிரல் ஓட்டுகிறவர்கள், பெயர் தெரியாத எண்ணில் நுழைந்து “எனக்குப் பெயரில்லை” என்று முனையமே சொல்வதைப் பார்த்திருப்பார்கள்.

எல்லா நிரலுக்கும் இந்த விவரம் தேவை என்பதால் கோப்பை எல்லோரும் படிக்கலாம் என்று விட்டார்கள். குழப்பி எழுதிய கடவுச்சொல்லும் அதிலேயே இருந்தது. ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், தாங்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 விழுக்காடு, எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை என்று காட்டினார்கள். ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் ‘உப்பு’ என்ற எதேச்சையான எண்ணைச் சேர்க்கும் வழக்கம் அந்தக் கட்டுரையால் நிலைபெற்றது. ஒன்பது ஆண்டு கழித்து, 1988 நவம்பர் 2 அன்று, அதே மோரிசின் மகன் ராபர்ட் டாப்பன் மோரிஸ் அவிழ்த்துவிட்ட கணினிப் புழு இந்தக் கோப்பையே ஆயுதமாக்கியது. கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, பயனர் பெயரையே கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்த்தது. பிறகு அதைத் திருப்பிப் போட்டது. ஜீகோஸ் புலத்திலிருந்த ஆளின் பெயரைப் போட்டது. எல்லாம் தோற்றால் தன்னிடமிருந்த 432 சொற்களை முயன்றது. கணக்குப் பதிவில் ஆளைப் பற்றி எவ்வளவு குறைவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதற்கு அன்று கிடைத்த சான்று இன்றும் பொருந்தும். கடவுச்சொல் பின்னர் ‘ஷேடோ’ என்ற தனிக் கோப்புக்குப் போனது. பழைய புலத்தில் ஓர் ‘எக்ஸ்’ மட்டும் மிஞ்சியது.

கணினிகள் பெருகியபோது ஒவ்வொன்றிலும் அதே கோப்பைப் பராமரிப்பது இயலாமல் போயிற்று. சன் நிறுவனம் 1980களின் நடுவில் ‘யெல்லோ பேஜஸ்’ என்ற பகிர்வு முறையைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அது பிறருடைய வணிகப் பெயர் என்பதால் ‘நிஸ்’ என்று மாற்றினார்கள். 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸும் உடன் பணியாற்றியவர்களும் ‘எல்டேப்’ நெறிமுறையை உருவாக்கினார்கள். யூனிக்ஸ் கணக்கின் புலங்களை எல்டேப் பதிவில் எப்படி வைப்பது என்பதை 1998இல் வந்த ஓர் ஆவணம் வகுத்தது. மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி விண்டோஸ் 2000உடன் வந்தது. பெரிய அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இன்று கணக்கைத் தேடுவதென்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைக் கேட்பதுதான்.

இத்தனை மாறியும் நிரலாளர் அழைக்கும் செயற்கூறு மாறவில்லை. நடுவில் ‘என்எஸ்ஸ்விட்ச்’ என்ற அமைவுக் கோப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் உள்ளூர்க் கோப்பைப் பார், அங்கே இல்லையென்றால் எல்டேப்பைக் கேள் என்று நிர்வாகி அதில் எழுதிவைப்பார். 1970களின் பாணியில் எழுதிய நிரல், திருத்தமே இல்லாமல், வேறொரு நாட்டிலிருக்கும் வழங்கியைக் கேட்கத் தொடங்கியது. நல்ல வடிவமைப்பு என்று இதைப் பாராட்டாதவர் இல்லை. நானும் பாராட்டுகிறேன். ஆனால் தொல்லையும் இங்கிருந்துதான் வளர்கிறது.

என்எஸ்ஸ்விட்சுக்கு உள்ளே நான்கு நிலைகள் உண்டு: கிடைத்தது, கிடைக்கவில்லை, சேவை எட்டவில்லை, பிறகு முயன்று பார். ஒவ்வொரு நிலைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று நிர்வாகி தனித்தனியே எழுதலாம். இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறிந்த விவரம், செயற்கூறின் வாசலுக்கு வரும்போது இரண்டாகச் சுருங்குகிறது. பதிவு கிடைத்தால் அதன் முகவரி. இல்லாவிட்டால் வெற்றுச் சுட்டி. அந்த வெற்றுச் சுட்டிக்குக் காரணம் என்ன என்று அறிய, அழைக்குமுன் ‘எர்நோ’ என்ற பிழை எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, அழைத்தபின் அது மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கும் உறுதி இல்லை. லினக்ஸ் கையேட்டுப் பக்கம், கணக்கு இல்லாதபோது அந்த எண் பூஜ்யமாக இருக்கலாம் என்கிறது. ‘அப்படியொரு கோப்பு இல்லை’, ‘அப்படியொரு செயல்முறை இல்லை’, ‘தவறான கோப்பு எண்’, ‘அனுமதி இல்லை’ என்பவற்றுக்கான எண்களில் ஒன்றாகவும் இருக்கலாம் என்று அடுக்கி, பட்டியலை முடிக்காமலே விட்டுவிடுகிறது. வெவ்வேறு யூனிக்ஸ் வகைகள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதால் கையேடு எழுதியவர்களுக்கு வேறு வழியில்லை.

பல இழைகளில் ஓடும் நிரலுக்குப் பழைய செயற்கூறு ஆகாது. அது பதிலை ஒரே இடத்தில் வைத்துத் தருவதால், அடுத்த அழைப்பு முந்தையதை அழித்துவிடும். ‘ஆர்’ என்ற பின்னொட்டுடன் வந்த புதிய வடிவம் இதைத் தீர்த்தது. கூடவே, பிழை எண்ணைத் தன் விடையாகவே திருப்பித் தந்து மூன்றாம் பதிலுக்கும் இடம் கொடுத்தது. புதிதாகச் சி மொழியில் எழுதுகிறவர்கள் இதையே பயன்படுத்த வேண்டும் என்பேன். கோ மொழி, ‘தெரியாத பயனர்’ என்ற பிழையை மற்றப் பிழைகளிலிருந்து பிரித்தே தருகிறது. பைத்தான் நினைவகப் பற்றாக்குறையை மட்டும் தனியே சொல்லிவிட்டு, மற்ற எல்லாத் தோல்வியையும் ‘அந்தப் பெயர் கிடைக்கவில்லை’ என்ற ஒரே விதிவிலக்கில் அடக்கிவிடுகிறது. இவ்வளவு பேர் கற்கும் மொழியில் இது இருப்பது வருத்தம் தருகிறது.

இந்த வேறுபாட்டை முதலிலேயே சரியாகப் பிடித்தவர்கள் மின்னஞ்சல்காரர்கள். ஜான் போஸ்டல் எழுதி 1982இல் வந்த அஞ்சல் நெறிமுறையில், நான்கில் தொடங்கும் பதில் எண் தற்காலிகத் தோல்வி, ஐந்தில் தொடங்குவது நிரந்தரத் தோல்வி. 450 என்றால் அனுப்பும் வழங்கி கடிதத்தை வைத்திருந்து மறுபடி முயலும். 550 என்றால் அந்த முகவரி இல்லை என்று எடுத்துக்கொண்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடும். ‘சென்ட்மெயில்’ எழுதிய எரிக் ஆல்மனின் வழியில் வந்த வெளியேற்றக் குறிகளிலும் ‘பயனர் இல்லை’ 67, ‘தற்காலிகத் தோல்வி’ 75 என்று தனித்தனியே இருக்கின்றன. வீட்டுக்காரர் குடிபெயர்ந்துவிட்டார் என்று கடிதத்தைத் திருப்புவதும், வெள்ளத்தால் தெருவுக்குள் போக முடியவில்லை, நாளை வருகிறேன் என்று பையிலேயே வைத்திருப்பதும் ஒன்றல்ல என்பது ஒவ்வொரு தபால்காரருக்கும் தெரியும்.

தெரிந்தும் தவறு நடந்தது. 2020 டிசம்பர் 14, திங்கள்கிழமை. மலேசிய நேரப்படி மாலை 7.46 மணியளவில், கூகுளின் ஜிமெயில், யூடியூப், வகுப்பறை, ஆவணங்கள் என்று கணக்கு கேட்கும் சேவைகள் எல்லாம் உலகெங்கும் நின்றன. 47 நிமிடம் கழித்துத் திரும்பின. கொவிட் காலம், பாடமும் கூட்டமும் இந்தச் சேவைகளின் மேல் நடந்துகொண்டிருந்த ஆண்டு. காரணத்தைக் கூகுள் வெளிப்படையாக எழுதியது. ஒவ்வொரு கணக்குக்கும் தனித்த அடையாளத்தைக் காக்கும் பயனர் அடையாளச் சேவையை, அக்டோபரில் புதிய வளப்பங்கீட்டு முறைக்கு மாற்றத் தொடங்கியிருந்தார்கள். பழைய முறையின் மிச்சம் ஒன்று, அந்தச் சேவையின் பயன்பாடு பூஜ்யம் என்று தவறாகக் கணக்குக் காட்டியது. சலுகைக் காலம் முடிந்ததும் தானியங்கி முறை அதற்குரிய இடத்தைக் குறைத்தது. கணக்குத் தரவைப் புதுப்பிக்க முடியவில்லை. தரவு பழையதாகிவிட்டது என்று கண்டதும் சேவை கோரிக்கைகளை மறுத்தது. பாதுகாப்புக்காக அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருந்தது. நின்றுபோனது பெரிய இடர்தான். ஆனாலும் சேவை பொய் சொல்லவில்லை. இப்போது சொல்ல முடியாது என்றது.

மறுநாள் நடந்ததை நான் இதைவிடக் கடுமையாக எடைபோடுகிறேன். அஞ்சல் ஏற்கும் சேவையில் செய்த ஓர் அமைவு மாற்றத்தால் ஜிமெயில் களப்பெயர் தவறான வடிவம் பெற்றது. சரியான முகவரிகளைத் தேடும் கேள்விகள், உலகில் இல்லாத முகவரிகளைத் தேடும் கேள்விகளாக மாறிப் போயின. ‘அப்படி ஒரு கணக்கே இல்லை’ என்ற 550 பதில் அனுப்பியவர்களுக்குப் போனது. கடிதங்கள் காத்திருக்காமல் திரும்பின. நிரந்தரத் தோல்வி வந்த முகவரியை விநியோகப் பட்டியலிலிருந்து நீக்குவது பல அமைப்புகளில் தானாக நடக்கும் வேலை. உயிரோடிருந்த கணக்குகள் அப்படியே விடுபட்டன. முதல் நாள் இடர் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆனது. இரண்டாம் நாளின் பொய்யான ‘இல்லை’ பிறருடைய பதிவேடுகளில் தங்கிவிட்டது.

‘இல்லை’ என்ற பதிலைப் பெற்ற நிரல் அடுத்து என்ன செய்கிறது என்பதிலும் ஆபத்து இருக்கிறது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி பற்றி 2017இல் எழுந்த விவாதம் இதற்குச் சான்று. எண்ணில் தொடங்கும் பயனர் பெயர் ஒன்றைச் சேவைக் கோப்பில் எழுதினால், அது செல்லாத பெயர் என்று சிஸ்டம்டி ஓர் எச்சரிக்கையோடு அந்த வரியை ஒதுக்கிவிட்டு, சேவையை ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கில் ஓட்டியது. பின்னர் வந்த பதிப்புகள் அப்படி ஓட்ட மறுக்கின்றன. இன்னொருவர் அதிகாரத்தில் கட்டளை ஓட்ட உதவும் சூடோ நிரலில் 2019இல் வேறொன்று வெளிப்பட்டது. ரூட் தவிர யாராகவும் ஓட்டலாம் என்று அனுமதி பெற்ற ஒருவர், கழித்தல் ஒன்று என்ற பயனர் எண்ணைக் கொடுத்தால் ரூட்டாகவே ஓட முடிந்தது. அந்த எண்ணுக்குப் பதிவு எதுவும் கிடையாது. ஆனால் எண்ணை மாற்றும் அமைப்பு அழைப்புக்குக் கழித்தல் ஒன்று என்றால் ‘மாற்றாதே’ என்று பொருள். சூடோ ஏற்கெனவே ரூட்டாக ஓடிக்கொண்டிருந்தது. தேடிய ஆள் கிடைக்காவிட்டால் நிரல் நிற்க வேண்டும். இருக்கிற அதிகாரத்தோடு தொடர்வது எக்காலத்திலும் தவறு.

மூன்றாம் பதிலை எப்படிக் கையாள்வது? மெர்சிங்கின் தீவுகளை எண்ணிப் பாருங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது கடல் கொந்தளிக்கும், படகுகள் நிற்கும். அங்குள்ள தங்கும் விடுதியோ மருந்தகமோ தன் பணியாளர் கணக்குகளைத் தலைமை வழங்கியில் வைத்திருந்து, இணைப்பு அறுந்தால், பதிவேட்டைத் திறக்கக்கூட முடியாது. இதற்காகத்தான் இடைச்சேமிப்பு. பழைய ‘என்எஸ்சிடி’ பதில்களைச் சிறிது நேரம் நினைவில் வைத்தது. ரெட்ஹேட் வட்டத்தில் உருவான ‘எஸ்எஸ்எஸ்டி’ அதைவிட மேலே போய், இணைப்பு இல்லாத நேரத்திலும் முன்பு நுழைந்தவர்களை நுழைய விடுகிறது. எதிர்வாதம் உண்டு: நேற்று வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், இணைப்பு அறுந்த தீவில் இன்றும் உள்ளே வந்துவிடுவாரே? உண்மைதான். கூகுளின் அடையாளச் சேவை பழைய தரவை நம்ப மறுத்ததற்கும் இதுவே நியாயம். என் கருத்து, இடத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது. நோயாளியின் பதிவேட்டைப் படிப்பதற்குச் சில நாள் பழைய கணக்கை நம்பலாம். பணம் அனுப்பவோ, பிறருக்கு அதிகாரம் கொடுக்கவோ நம்பக் கூடாது. ‘இல்லை’ என்ற பதிலை நெடுநேரம் சேமித்து வைப்பது எங்கும் கூடாது. புதிதாகச் சேர்ந்தவரை மணிக்கணக்கில் வெளியே நிற்க வைப்பது அந்தச் சேமிப்புதான்.

பொய்யான ‘இல்லை’ இன்னொரு வாசல் வழியாகவும் வரும்: எதைக் கொண்டு தேடுகிறோம் என்பது. மலேசியத் தமிழர்களுக்கு இது பட்டறிந்த விஷயம். நம் அடையாள அட்டையில் நம் பெயர், பிறகு ‘ஏ/எல்’ (மகன்) அல்லது ‘ஏ/பி’ (மகள்), பிறகு தந்தை பெயர். நடுவில் நிற்கும் சாய்கோடு யூனிக்சில் அடைவுகளைப் பிரிக்கும் குறி. பெயரை அப்படியே எடுத்து இல்ல அடைவு உண்டாக்கும் நிரல் அங்கேயே தடுக்கி விழும். ஓர் அலுவலகம் சாய்கோட்டோடு பதியும், இன்னொன்று எடுத்துவிட்டுப் பதியும், மூன்றாவது தந்தை பெயரை முன்னால் போடும். ஒரே ஆளைப் பெயரால் தேடினால் மூன்று இடத்தில் மூன்று பதில். எல்டேப்பின் ‘ஆள்’ என்ற பதிவு வகை, குடும்பப் பெயரைக் கட்டாயப் புலமாக வைத்திருக்கிறது. குடும்பப் பெயர் வழக்கமே இல்லாத சமூகம் அதில் எதை எழுதுவது? தந்தை பெயரைப் போட்டால், திருமதி என்று தந்தை பெயரில் அழைக்கும் கடிதங்கள் வருகின்றன. யூனிக்ஸ் கணக்குக்கான எல்டேப் வகையோ குடும்பப் பெயரைக் கேட்பதில்லை. ஒரு பொதுப் பெயர் போதும். பழைய ஜீகோஸ் புலமும் அப்படித்தான், யார் எப்படி எழுதினாலும் ஏற்றுக்கொண்டது. இந்த ஒன்றில் பழையது நமக்கு நியாயமாக நடந்தது.

ஆகவே பெயரைத் திறவுகோலாக்கக் கூடாது. மைகாட் என்ற அடையாள அட்டையின் எண்ணை ஆக்கலாமே என்பார்கள். அந்த 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதில் பால். எண்ணைப் பார்த்தவுடன் ஆளின் மூன்று விவரங்கள் தெரிந்துவிடும், மாற்றவும் முடியாது. 2017இல் மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசிச் சந்தா விவரங்கள் கசிந்தபோது அடையாள அட்டை எண்களும் முகவரிகளும் சேர்ந்தே போயின. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது என்பதால், அரசு அலுவலக நிரல்களை எழுதுகிறவர்களின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. கல்வி அமைச்சின் டெலிமா தளம் மாணவருக்குத் தரும் அடையாளம் நல்ல எடுத்துக்காட்டு. ‘எம்’ என்ற எழுத்து, ஒரு கோடு, சில இலக்கங்கள்; அதில் பெயரும் இல்லை, பிறந்த நாளும் இல்லை. எழுத்தில் தொடங்குவதால் சிஸ்டம்டி போன்றவற்றின் எண் குழப்பமும் வராது. யூனிக்சின் பயனர் எண் முதல் நாளிலிருந்தே இப்படிப் பொருளற்ற எண்தான்.

எல்லாக் கணக்கையும் வரிசையாக எடுத்துப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி ஒன்று. சிறிய கோப்பில் அது சரி. ஆக்டிவ் டைரக்டரி, இயல்பான அமைவில், பக்கம் பிரித்துக் கேட்காத கேள்விக்கு 1,000 பதிவுகளோடு நிறுத்திக்கொள்ளும். வரம்பு தாண்டியதற்கான பிழைக்குறியை நிரல் கவனிக்காவிட்டால், ஆயிரத்தோராவது ஆள் இல்லாதவராகிவிடுவார். எஸ்எஸ்எஸ்டி இப்படி மொத்தமாக எடுப்பதை இயல்பாகவே மூடி வைத்திருக்கிறது. அது சரியான முடிவு.

கடைசியாக, உள்ளே மூன்றாகப் பிரிக்க வேண்டிய பதில் வெளியே ஒன்றாகத் தெரிய வேண்டும். கடவுச்சொல் தவறு என்றும் கணக்கே இல்லை என்றும் வெவ்வேறாகச் சொன்னால், எந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று அந்நியர் பட்டியல் எடுத்துவிடுவார். சொல்லாமலும் கசியும். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச், கணக்கு உள்ள பயனருக்கும் இல்லாத பயனருக்கும் எடுத்துக்கொண்ட நேரம் வேறுபடுவது 2016இல் தெரியவந்தது. நீண்ட கடவுச்சொல்லை அனுப்பி அந்த நேரத்தை அளக்க முடிந்தது. 2018இல் சிதைந்த கோரிக்கை ஒன்றுக்கு இரு வகையாக நடந்துகொண்டது. இரண்டும் திருத்தப்பட்டன. வெளியாளிடம் “நுழைய முடியவில்லை” என்ற ஒரே வாக்கியம் போதும். உள்பதிவேட்டில் மட்டும் உண்மைக் காரணத்தை எழுதி வையுங்கள்.

நிரல் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலக நிரலில் கணக்கைத் தேடும் இடத்தைத் திறந்து, சோதனைக் கணினியில் ஓட்டி, வலைக் கம்பியைக் கழற்றிவிட்டு, இருப்பதாக உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு பெயரைக் கேளுங்கள். “அப்படி ஒருவர் இல்லை” என்று அது சொன்னால், அடுத்த பதிப்பு வெளியாகுமுன் அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.